மலையைச் சுற்றினேன், மனசைக் கண்டேன்!

என் கைப்பையில் ஆறு வாழைப்பழம் வாங்கி வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றைக்கூட நான் சாப்பிடவில்லை. என் பெண்ணும் சாப்பிடவில்லை. பேரனுக்கோ இன்னும் பல்லே முளைக்கவில்லை. ஆனாலும் ஆறு பழமும் அரை நிமிஷத்தில் தீர்ந்து போயிற்று. எப்படி என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன்!

பௌர்ணமிக்காகத் திருவண்ணாமலை போயிருந்தோம். நான், என் பெண், அவளுடைய ஆறு மாதக் குழந்தை, என் நாத்தனார், ஆக நாலு பேர். காலையில் ரமணாசிரமத்துக்குப் பின்புறமிருந்து ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறும் கல் பாவிய பாதையில் மெல்ல நடந்தோம். ஒரு திருப்பத்தில், பாறை மேல் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. தலையில் தொப்பி வைத்தாற்போல் மயிர் சுழித்து, நெற்றி சுருங்கி, பெரிய வழக்கு ஒன்றை விசாரிக்கும் ஜட்ஜ் மாதிரி ஒரு முகம். நாம் கோயில்களிலும் ரயிலடிகளிலும் பார்க்கிற சாதாரண நாட்டுக் குரங்குதான்.

நான் அதன் கண்ணை நேருக்கு நேர் பார்த்து, பல் தெரியப் புன்னகை செய்தேன். வீட்டுக்கு வந்தவர்களிடம் அப்படித்தானே நடந்து கொள்கிறோம்? அடுத்த கணம் அது புருவத்தைத் தூக்கிற்று, வாயைத் திறந்தது, ஒரே பாய்ச்சல்! பை கீழே, பழம் மேலே. அதாவது, பாறை மேலே!

என் பெண் கலகலவென்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

பாதை ஓரத்தில் மாக்கல்லில் பிள்ளையார் செதுக்கிக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர், உளியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அதுங்க கண்ணைப் பாக்காதீங்கம்மா. முறைச்சா, சண்டைக்கு வர்றீங்கன்னு நெனைச்சுக்கும். பல்லையும் காட்டாதீங்க. பையில தின்பண்டம் கொண்டாரவே கொண்டாராதீங்க."

நாலே வாக்கியம். அந்த நாலு வாக்கியத்தில் ஒரு பெரிய சாஸ்திரமே அடங்கியிருக்கிறது என்பது, அன்று இரவு மலையைச் சுற்றி முடித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

கண்ணும் பல்லும்

குரங்குக் கூட்டத்தில் முறைத்துப் பார்ப்பது சவால். பல்லைக் காட்டுவது அதற்கு நேர் எதிர். "ஐயா, நீங்கள் பெரியவர், என்னை ஒன்றும் செய்து விடாதீர்கள்" என்று அர்த்தம். அப்படியானால் நான் என்ன செய்தேன்? கண்ணால், "வா, ஒரு கை பார்க்கலாம்" என்றேன். பல்லால், "ஐயோ, விட்டு விடு" என்றேன். இப்படி முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறவளிடமிருந்து பையைப் பறிக்காமல் என்ன செய்யும்?

நம் பேச்சு வழக்கையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பெரிய மனிதருக்கு முன்னால் காரியம் ஆக வேண்டி நிற்கிறவனை, "பல்லை இளித்துக் கொண்டு நிற்கிறான்" என்கிறோமல்லவா? எதிரே வருகிறவன் முறைத்தால், "என்ன முறைக்கிறாய்?" என்று சண்டை ஆரம்பமாகிறதல்லவா? மனிதனுடைய புன்னகை, குரங்குகளின் இந்தப் பல் காட்டும் வழக்கத்திலிருந்தே வளர்ந்திருக்கலாம் என்று 1972-ல் வான் ஹூஃப் என்ற டச்சு விஞ்ஞானி எழுதினார். அதற்குச் சரியாக நூறு வருஷம் முன்னால், 1872-ல், சார்லஸ் டார்வின் ஒரு புத்தகம் முழுவதையுமே மனிதர், மிருகங்களின் முகபாவங்களுக்காக ஒதுக்கினார்.

நம் உடம்பு முன்னோர்களிடமிருந்து வந்ததை எல்லோரும் ஒப்புக் கொள்கிறோம். "மூக்கு அப்படியே தாத்தா மூக்கு" என்று தொட்டிலைச் சுற்றி நின்று சொல்லாத வீடு உண்டா? அதே போல, நம்முடைய பயம், ஆசை, கோபம், பாசம் ஆகியவற்றுக்கும் ஒரு பூர்விகம் உண்டு. தாத்தாவுக்குத் தாத்தாவையும் தாண்டி லட்சக் கணக்கான வருஷம் பின்னால் போகிற பூர்விகம். அதை ஆராய்வதற்குத்தான் பரிணாம உளவியல் என்று பெயர். பெயர் பயமுறுத்தினாலும் விஷயம் நம் அடுப்பங்கரையிலும் திண்ணையிலும் தினமும் நடப்பதுதான்.

மகரிஷி கண்ட ராஜ்யம்

குரங்குகளைக் கவனிப்பதற்குத் திருவண்ணாமலையைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. ஏனென்றால், மேல்நாட்டு விஞ்ஞானிகள் நோட்டுப் புத்தகத்துடன் காட்டுக்குப் புறப்படுவதற்கு வெகு காலம் முன்பே, அந்த மலையில் ஒருவர் குரங்குகளின் நடுவே உட்கார்ந்து அவற்றைப் பொறுமையாகப் பார்த்து வந்தார்.

ஸ்ரீ ரமண மகரிஷியைத்தான் சொல்கிறேன். 1896 செப்டம்பர் 1-ந் தேதி, பதினாறு வயதுப் பையனாக அந்த ஊருக்கு வந்து, 1950 ஏப்ரல் 14-ந் தேதி மறையும் வரையில் அதை விட்டு அகலாதவர். விரூபாக்ஷ குகையிலும், 1916-லிருந்து ஸ்கந்தாசிரமத்திலுமாக அவர் மலை மேல் இருந்த காலத்தில் குரங்குகள்தான் அக்கம்பக்கத்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு ராஜா உண்டு, ஒவ்வொரு ராஜாவுக்கும் எல்லை உண்டு, எல்லை மீறினால் யுத்தம் உண்டு, யுத்தத்துக்கு முன்னால் தூது போவதும் உண்டு என்றெல்லாம் அவர் விவரித்திருப்பதாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அவர்கள் சொல்லும் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது நொண்டியின் கதை. ஒரு குட்டியை அதன் கூட்டத்து ராஜா கடித்துக் குதறிக் குகைக்குப் பக்கத்தில் போட்டு விட்டுப் போய் விட்டது. மகரிஷி அதை எடுத்துப் பராமரித்துப் பிழைக்க வைத்தார். கால் மட்டும் சரியாகவில்லை. நொண்டி என்றே பெயராயிற்று. சில நாளைக்குப் பின் கூட்டம் திரும்பி வந்தது. சாதாரணமாக, மனிதன் கை பட்ட குரங்கைக் கூட்டம் சேர்த்துக் கொள்ளாதாம். ஆனால் அன்று சேர்த்துக் கொண்டது. பிற்காலத்தில் அந்த நொண்டியே கூட்டத்துக்கு ராஜாவாயிற்று!

இன்னொரு விஷயம். மகரிஷி பசுவையோ, நாயையோ, குரங்கையோ 'அது' என்று சொல்ல மாட்டாராம். அவன், அவள், பையன்கள் என்றுதான் சொல்வாராம். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மக்களை உயர்திணை என்றும் மற்றவற்றை அஃறிணை என்றும் நடுவே சுவர் எழுப்பி வைத்திருக்கிற மொழி நம்முடையது. அந்தச் சுவரிலும் ஒரு சின்னக் கதவு உண்டு. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்த தொல்காப்பியம், மக்களை ஆறறிவு உயிர் என்று சொல்லிய கையோடு, அந்தக் கிளையில் வேறு சிலவும் உண்டு என்று சொல்லி நிறுத்துகிறது. நான் இதுவரை எழுதிய குரங்குகளை எல்லாம் 'அது' என்றே எழுதியிருக்கிறேன். பழக்க தோஷம்; மன்னிக்க வேண்டும்.

பதினாலு கிலோமீட்டர்க் கணக்கு

சாயங்காலம் கிழக்கு ராஜகோபுரத்துக்கு முன்னால் சூடம் ஏற்றிவிட்டு நடக்கத் தொடங்கினோம். கிரிவலப் பாதை பதினாலு கிலோமீட்டர். குழந்தையைக் கை மாற்றிக் கை மாற்றித் தூக்கிக் கொண்டு நடக்கையில், எனக்கு ஒரு கணக்குத் தோன்றிற்று. நீங்களும் அடுத்த முறை போகும்போது போட்டுப் பாருங்கள்.

சென்னைக்கு அருகே, திருவள்ளூர் மாவட்டத்தில் அத்திரம்பாக்கம் என்று ஓர் ஊர். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர் அங்கே பழங்காலக் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவற்றில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தியவை என்று 2011-ல் ஆராய்ச்சியாளர்கள் கணித்தார்கள். அவற்றைச் செய்தவர்கள் நாம் அல்ல. நமக்கு முந்திய ஒரு மனித இனத்தார்.

அந்தக் கல்லை ஒருவன் செதுக்கிய நாளில் ராஜகோபுரத்திலிருந்து நடக்க ஆரம்பித்ததாகவும், இன்றைய தினம் சுற்றி முடித்துத் திரும்பியதாகவும் வைத்துக் கொள்ளுங்கள். அஷ்ட லிங்கங்களில் பெரும்பாலானவற்றைத் தரிசித்து முடித்து, கடைசி மூன்று கிலோமீட்டருக்குள் நுழைந்த பிறகுதான் நம்மைப் போன்ற மனிதனே தோன்றுகிறான். விதைத்து அறுக்கக் கற்றுக் கொண்டது சுமார் பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னால். அது கடைசித் தொண்ணூறு மீட்டர்! ராஜகோபுரம் எழும்பி ஏறக்குறைய ஐந்நூறு வருஷம். ஐந்து மீட்டர்கூட இல்லை. மின்சார விளக்கு, ரேடியோ, ஃபிரிஜ், டெலிபோன், மோட்டார் கார் நம் வீடுகளுக்குள் வந்ததெல்லாம் கடைசியாக வைக்கிற ஓர் எட்டு, இரண்டு எட்டுக்குள்.

மீதி வழி பூராவும் நம் முன்னோர் கிழங்கு அகழ்ந்தும், பழம் பறித்தும், வேட்டையாடியும், சின்னச் சின்னக் கூட்டமாகத் திரிந்தார்கள். அந்த நெடு வழிக்கு ஏற்றாற்போல் வார்க்கப்பட்ட மனசு, கடைசி இரண்டு எட்டில் சட்டென்று மாறி விடுமா? இந்தக் கேள்விதான் பரிணாம உளவியலுக்கு அடிப்படை. 1992-ல் லீடா காஸ்மிடஸ், ஜான் டூபி என்ற தம்பதியர் மற்றொரு நண்பருடன் சேர்ந்து இதைப் பற்றி ஒரு பெரிய தொகுப்பு நூலே வெளியிட்டார்கள்.

பாம்பும் லட்டும்

பயத்தை எடுத்துக் கொள்ளுங்கள். லண்டன் மிருகக்காட்சி சாலையில் ஒரு விஷப் பாம்பின் கண்ணாடிப் பெட்டியில் டார்வின் முகத்தை ஒட்ட வைத்துக் கொண்டு நின்றார். பாம்பு சீறினாலும் பின்வாங்குவதில்லை என்று சங்கல்பம். பாம்பு சீறியது. மகா மேதை ஓரிரு கஜம் பின்னால் துள்ளிக் குதித்தார்! நடுவே கண்ணாடி இருக்கிறதென்று அறிவுக்குத் தெரியும், கால்களுக்குத் தெரியவில்லை.

1980-களில் அமெரிக்காவில் சூஸன் மினேகா என்ற அம்மையார் ஒரு சோதனை செய்தார். ஆராய்ச்சிச்சாலையிலேயே பிறந்து வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பென்றால் பயமில்லை. மற்றொரு குரங்கு பாம்பைக் கண்டு அலறுவதை ஒரு தடவை பார்த்ததும் அவையும் பயப்படக் கற்றுக் கொண்டன. பிறகு படத்தை வெட்டி ஒட்டி, அந்தக் குரங்கு பூவைக் கண்டு அலறுவது போலக் காட்டினார்கள். அதைப் பார்த்த குரங்குகள் பூவுக்குப் பயப்படவே இல்லை! பயம் முழுதாக உள்ளே எழுதி வைக்கப்பட்டு வருவதில்லை. ஆனால் சில பாடங்களுக்கு மட்டும் பலகையைத் துடைத்துத் தயாராக வைத்திருக்கிறது மனசு.

அந்தப் பலகையில் மோட்டார் சைக்கிளுக்கு இடம் இல்லை என்பதுதான் கஷ்டம். 2022-ல் மட்டும் நம் தேசத்தில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,000-க்கும் மேல். கயிற்றைப் பார்த்தே பாம்பென்று குதிக்கிற நாம், ஹெல்மெட் இல்லாமல் ஸ்கூட்டரில் குழந்தையை முன்னால் நிறுத்திக் கொண்டு போகிறோம்! பயம் தானாக வராத இடத்தில், புத்தி போய் அதை அழைத்து வர வேண்டியிருக்கிறது.

லட்டு சமாசாரமும் இதுவே. காட்டில் இனிப்பு என்பது அபூர்வம். பழுத்த பழம், தேனடை, அவ்வளவுதான். கண்ட இடத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டவன் பிழைத்தான். "எனக்கு வேண்டாம்" என்றவனுக்குப் பேரன் பேத்திகள் குறைவு. அப்படிப் பிழைத்தவர்களின் வம்சம் நாம். இப்போது தேனடை தெருவுக்குத் தெரு கண்ணாடி அலமாரியில் விளக்குப் போட்டு உட்கார்ந்திருக்கிறது. நாக்கு மட்டும் இன்னும் காட்டிலேயே இருக்கிறது. நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர் என்று, சென்னையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு ஒன்று 2023-ல் கணக்கிட்டது. ஆகவே, ஜாங்கிரியைக் கண்டதும் மனசு தடுமாறினால், "எனக்கு மன உறுதியே இல்லை" என்று உங்களை நீங்களே நொந்து கொள்ளாதீர்கள். லட்ச வருஷத்துப் பழக்கத்தோடு நேருக்கு நேர் மல்லுக்கு நிற்பதை விட, ஜாங்கிரி டப்பாவை எட்டாத பரணில் வைப்பது சுலபம்.

பேன் பார்க்கும் சாஸ்திரம்

காலையில் எங்கள் பழத்தை ஆட்கொண்ட குரங்கு, அதைத் தின்று முடித்ததும் இன்னொன்றின் மடியில் தலையை வைத்துப் படுத்துக் கொண்டது. அது இதற்குப் பேன் பார்க்க ஆரம்பித்தது. மயிரை வகிர்ந்து, வகிர்ந்து, ஒரு மணி நேரமானாலும் அலுக்காத வேலை. சுத்தத்துக்காக மட்டும் இல்லை. அதுதான் அவர்களுடைய சிநேகிதம். யார் யாருக்குப் பேன் பார்க்கிறார்களோ, அவர்கள் அவர்களுக்காகச் சண்டையில் பரிந்து வருவார்கள்.

இந்த ஜாதிக் குரங்குகளில் பெண் பிறந்த வீட்டிலேயே கடைசி வரை இருந்து விடுகிறாள். தாயும், மகளும், சித்தியும், பெரியம்மாவும் சேர்ந்துதான் குடும்பம். பையனுக்கு வயது வந்ததும், அவன்தான் மூட்டை கட்டிக் கொண்டு வேறு கூட்டத்துக்குப் போக வேண்டும்! இதை நான் சொன்னதும் என் நாத்தனார், "ஆஹா! அங்கே மாமியார் கொடுமை எல்லாம் மாப்பிள்ளைக்கு!" என்றாள்.

மனிதக் கூட்டம் பெரிதாகப் பெரிதாக, எல்லோருக்கும் உட்கார்ந்து பேன் பார்க்க நேரம் போதவில்லை. ஆகவே கையால் செய்த வேலையை வாயால் செய்ய ஆரம்பித்தோம், பேச்சு பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று இங்கிலாந்தைச் சேர்ந்த ராபின் டன்பார் 1996-ல் ஒரு புத்தகம் எழுதினார். இது ருசுவான உண்மை இல்லை, ஓர் ஊகம்தான். ஆனாலும், ஜனங்கள் சாவகாசமாகப் பேசுவதை ஒட்டுக் கேட்டு அவரும் அவருடைய சகாக்களும் போட்ட கணக்கு சுவாரசியமானது. பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு யார் எப்படி, யாருக்கும் யாருக்கும் என்ன என்பதைப் பற்றித்தானாம். இதில் ஆண்களும் பெண்களுக்குச் சளைத்தவர்கள் அல்லவாம். திண்ணைப் பேச்சுக்குப் பெண்களை மட்டும் பழிக்கும் புருஷர்களிடம் இந்தப் பத்தியை நீங்கள் தாராளமாக வாசித்துக் காட்டலாம்.

தனியாக வளர்த்தவள் யார்?

வாயு லிங்கத்தைத் தாண்டி, ஒரு மண்டபத்துப் படியில் உட்கார்ந்தோம். நிலா மலை மேல் ஏறியிருந்தது. குழந்தை நாத்தனார் தோளில் தூங்கிக் கொண்டிருந்தான். என் பெண் காலைப் பிடித்து விட்டுக் கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

"அம்மா, எனக்கு அம்மாவா இருக்கவே தெரியலை."

அவள் இருப்பது பெங்களூரில், ஏழாவது மாடி ஃபிளாட்டில். மாப்பிள்ளை நல்லவர்தான். காலையில் போனால் ராத்திரி ஒன்பதுக்கு வருவார். நடுவே அவளும் குழந்தையும் நாலு சுவரும். "ஒரு நாள் மத்தியானம் பூரா அழுதுண்டே இருந்தான் அம்மா. எனக்குப் பொறுக்கலை. தொட்டில்லே போட்டுட்டு, குளியலறைக்குள்ளே போய்க் கதவைச் சாத்திண்டு நின்னேன். மத்தவாளுக்கெல்லாம் இது இயற்கையாவே வரதே! எனக்கு மட்டும் ஏன் வரலை?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் தெரியுமா? அவள் டெலிபோனில் களைப்பாக இருக்கிறது என்று சொன்ன போதெல்லாம், "நாங்களெல்லாம் வளர்க்கலையா?" என்று கேட்டவள் நான்தான்.

வாஸ்தவத்தில் நான் வளர்த்தேனா? என் மாமியார் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார். இதோ உட்கார்ந்திருக்கிற நாத்தனார் இடுப்பை விட்டு இறக்க மாட்டாள். எதிர் வீட்டுப் பெண் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து தூக்கிக் கொண்டு போய் விடுவாள். பால் கொடுத்ததும், ராத்திரி விழித்ததும் நான். மற்றதற்கெல்லாம் ஏழெட்டுக் கைகள் இருந்தன. அந்தக் கைகளை எல்லாம் மறந்து விட்டு, "நான் வளர்த்தேன்" என்று இத்தனை நாளாகச் சொல்லிக் கொண்டிருந்திருக்கிறேன்!

இந்த உண்மையைத் தேடி ஒருத்தி ராஜஸ்தானத்து அபு மலை வரைக்கும் வந்தாள். ஸாரா பிளாஃபர் ஹர்டி என்ற அமெரிக்கப் பெண். 1971-ல், படிக்கும் காலத்திலேயே அங்கே வந்து, கரிய முகமும் நீண்ட வாலும் உள்ள அனுமன் மந்திகளை வருஷக் கணக்கில் கவனித்தார். அந்த மந்திகளில், தாய் பெற்ற குட்டியைப் பிறந்த சீக்கிரத்திலேயே மற்றப் பெண் மந்திகள் வாங்கி வைத்துக் கொள்ளும். தாய் போய் நிம்மதியாகத் தழை தின்று விட்டு வரும்.

பின்னால் மூன்று குழந்தைகளுக்குத் தாயான ஹர்டி, மனிதத் தாய்மார்களைப் பற்றியும் ஆராய்ந்து 1999-லும் 2009-லும் இரண்டு பெரிய நூல்கள் எழுதினார். அவர் முடிவு இதுதான்: மனிதக் குழந்தை வளர்ந்து தன் சோற்றைத் தானே தேடிக் கொள்கிற வரையில் ஏறக்குறைய ஒரு கோடியே முப்பது லட்சம் கலோரி ஆகாரம் வேண்டும். எந்தக் காலத்திலும் ஒரு தாய் தனியாளாக அவ்வளவையும் சம்பாதித்ததில்லை. அப்பா, பாட்டி, அத்தை, அக்கா, அண்டை வீட்டார் எல்லோரும் சேர்ந்து சுமந்ததால்தான் நம் இனம் பிழைத்தது.

பாட்டிமார்களுக்கு இதில் தனி மரியாதை உண்டு. டான்ஸானியாவில், கிழங்கும் வேட்டையுமாக வாழும் ஹாட்ஸா மக்களிடையே 1980-களில் கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் தங்கி ஆராய்ந்தார்கள். மகள் கைக்குழந்தையோடு முடங்கிக் கிடக்கையில், மூத்த குழந்தைகளின் வயிற்றை நிரப்பியது யார்? பாட்டி தோண்டிய கிழங்கு! பிள்ளை பெறும் காலம் முடிந்த பிறகும் மனிதப் பெண் இத்தனை வருஷம் உயிர் வாழ்வது, பேரன் பேத்திகளுக்காகவே வளர்ந்து வந்த வரம் என்பது அவர்கள் கருத்து. மனிதக் குரங்காகிய சிம்பன்ஸியில், இப்படி வெகு காலம் வாழும் கிழவிகள் மிகவும் அபூர்வம்.

அரவணைப்பு என்பதும் சோற்றுக்குக் குறைந்தது இல்லை. 1958-ல் அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ என்பவர், தாயைப் பிரித்த குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். ஒன்று வெறும் கம்பி. அதில் பால் புட்டி. இன்னொன்று மெத்தென்ற துணி, பால் கிடையாது. குட்டிகள் கம்பியிடம் பாலைக் குடித்துவிட்டு ஓடி வந்து, நாள் பூராவும் துணியைத்தான் கட்டிக் கொண்டிருந்தன. படிக்கவே நெஞ்சு வலிக்கிற சோதனை. ஆனால் குழந்தையைத் தூக்கினால் கெட்டுப் போய்விடும் என்று அந்த நாளில் புத்தி சொன்ன பண்டிதர்களின் வாயை அது அடைத்தது.

இதையெல்லாம் எனக்குத் தெரிந்த பாஷையில் என் பெண்ணுக்குச் சொன்னேன். "உனக்குத் தாய்மை தெரியாமல் இல்லையடி. ஏழு பேர் சுமந்த பல்லக்கை ஒருத்தியாகச் சுமக்கிறாய். தோள் வலிக்காமல் என்ன செய்யும்?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் தோளில் சாய்ந்து கொண்டாள்.

ஓர் எச்சரிக்கை

இந்த இடத்தில் நிறுத்தி விட்டால் நான் பாதி உண்மை சொன்னவளாவேன்.

அபு மலையில் ஹர்டி கண்டது எல்லாம் இனிமையான காட்சி இல்லை. புதிதாக ஓர் ஆண் மந்தி கூட்டத்தைப் பிடித்துக் கொண்டால், பழைய தகப்பனுடைய குட்டிகளைக் கொன்று விடுவதும் உண்டு. கர்நாடகத்துத் தார்வாரில் 1960-களின் ஆரம்பத்திலேயே ஜப்பானியரான சுகியாமா இதைப் பதிவு செய்திருந்தார். இயற்கைதான், அதனால் நியாயமாகி விடுமா? "ஆம்பளை சுபாவமே அப்படித்தான்" என்றும், "பொம்பளைக்கு அடுப்பங்கரைதான் இயற்கை" என்றும் சொல்கிறவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். ஒரு குணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்து கொள்வது வேறு. அதற்குத் தலை வணங்குவது வேறு. அபு மலையிலேயே, கொல்ல வந்த ஆணை எதிர்த்துப் பாய்ந்து குட்டியைக் காப்பாற்றப் போராடிய கிழட்டுப் பெண் மந்தியையும் ஹர்டி கண்டார். அதுவும் இயற்கைதானே? எதைப் பின்பற்றுவது என்று தேர்ந்தெடுக்கத்தானே ஆறாவது அறிவு?

தவிரவும், இந்தச் சாஸ்திரம் இன்னும் இளசு. பழைய எலும்பு கிடைக்கும்; பழைய மனசு தோண்டினால் கிடைக்காது. ஆகையால் சில விஞ்ஞானிகள் சாமர்த்தியமாகக் கதை கட்டி விடுகிறார்கள் என்று மற்ற விஞ்ஞானிகளே குறை சொல்வதுண்டு. மேல்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் சில நூறு பேரைக் கேள்வி கேட்டுவிட்டு, "மனித குலமே இப்படி" என்று முடிவு கட்டுவதும் உண்டு. பரிணாமம் காட்டோடு நின்று விடவும் இல்லை. வயது வந்த பிறகும் பாலை ஜீரணிக்கிற சக்தி, மாடு மேய்த்த ஜனங்களிடையே கடந்த பத்தாயிரம் வருஷத்துக்குள் பரவியதுதான். எனவே, "குகை மனிதன் இப்படிச் செய்தான், ஆகவே நீயும் செய்" என்று யாராவது சொன்னால், உப்புப் போட்டுக் கேட்டுக் கொள்ளுங்கள்.

இன்னொரு வார்த்தை. பிரசவமான பெண்ணுக்கு வரும் சோர்வு இரண்டு வாரத்தைத் தாண்டியும் தீராமல், அழுகையும் தூக்கமின்மையும் தொடர்ந்தால், அது வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். "எல்லோருக்கும் உள்ளதுதான்" என்று சொல்லி மூடி விடாதீர்கள். என்னைப் போல டெலிபோனில் கேள்வி கேட்கவும் கேட்காதீர்கள்.

மீண்டும் கோபுர வாசல்

விடியற்காலம் ராஜகோபுரத்துக்குத் திரும்பினோம். கடைசித் தொண்ணூறு மீட்டரை நான் எண்ணிக் கொண்டே நடந்தேன். கடை கண்ணிகள், விளக்குகள், மோட்டார் ஹாரன்கள். நாம் வாழ்கிற உலகம் பூராவும் அந்தத் தொண்ணூறு மீட்டருக்குள்! அதற்குப் பின்னால் இருட்டில் நீண்டு கிடந்தது, நம்மை உருவாக்கிய அவ்வளவு பெரிய வழி.

நொண்டியின் கதை நினைவுக்கு வந்தது. அடிபட்டதை ஒதுக்குவது கூட்டத்தின் பழைய சுபாவம். ஒருவர் குனிந்து கையில் எடுத்தார். கூட்டம் தன் சுபாவத்தை மாற்றிக் கொண்டது. குரங்குக் கூட்டத்தாலேயே முடிந்தது, நம்மால் முடியாதா?

ஊர் திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், பெட்டியைக் கட்டிக் கொண்டு பெங்களூர் போனதுதான். மூன்று மாதம் இருப்பதாக உத்தேசம். முதல் வேலையாக, அதே மாடியில் எதிர் ஃபிளாட்டில் இருக்கிற அம்மாளின் கதவைத் தட்டினேன். அவருக்கும் ஒரு கைக்குழந்தை. அவரும் தனியாகத்தான் சுமந்து கொண்டிருக்கிறார். நாலு மாதமாக இவர்கள் இருவரும் லிஃப்டில் பார்த்துத் தலையை ஆட்டிக் கொண்டதோடு சரி. இப்போது மத்தியானங்களில் இரண்டு குழந்தைகளும் ஒரே பாயில் புரளுகின்றன. இரண்டு தாய்மாரில் ஒருத்தி தூங்குகிறாள். ஒருத்தி பார்த்துக் கொள்கிறாள்.

உங்கள் தெருவிலும், உங்கள் மாடியிலும் அப்படி ஒரு கதவு இருக்கும், சகோதரிகளே. இந்தப் பத்திரிகையை மூடி வைத்ததும் போய்த் தட்டிப் பாருங்கள். திறக்கிறவளிடம் தாராளமாகப் பல் தெரியப் புன்னகை செய்யலாம். அவள் உங்கள் பையைப் பறித்துக் கொண்டு ஓடமாட்டாள்!